செட்டிகுளத்தில் இருபத்து மூன்றாம் நாள்

...பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான், ஒரு மணி நேரம், எதுவும் கேட்காமல், செல்போனை எடுக்காமல், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பார்க்க விட்டுவிட்டு... இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்றுதான் மஞ்சு முதலில் நினைத்தாள். இப்போது கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு செட்டிகுளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், நாலு படி கீழே மகள் யுவஸ்ரீ, பள்ளிச் சீருடையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு. இன்றோடு இருபத்து மூன்று நாள். நாலு மணி ஆனதும் துணிக்கடை முதலாளி கோதண்டராமன் அவராகவே, கௌம்பும்மா, புள்ளய கூட்டிட்டுப் போ, என்று சொல்லிவிடுகிறார். நல்ல மனிதர். வகுப்பு டீச்சரும் நல்லவர், ஆட்டோக்காரரும் நல்லவர், எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், புருஷனைப் பறிகொடுத்தவள் என்று ஒரு படி கூடுதலாக நல்லவர்களாக... அதுதான் தாங்க முடியவில்லை.

யுவஸ்ரீயின் வலது காதுக்கு மேலே தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடியே இல்லை. அவளே பிடுங்கியது. ஒவ்வொன்றாக, பாடம் நடக்கும்போது, சாப்பிடும்போது. லாரி ஹாரன் கேட்டால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறாள், ஒன்பது வயதுப் பெண், ஒருநாள் அங்கேயே ஈரமாக்கிவிட்டாள், அதற்குப் பிறகுதான் விழுப்புரத்துக்கு அழைத்துப் போனது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மாத்திரை இப்ப வேணாம்மா, உங்க ஊர்லதான் மலையும் கொளமும் இருக்குதே, தெனமும் ஒரு மணி நேரம் இட்டுட்டுப் போய் உக்காருங்க, நீங்க எதுவும் கேக்காதீங்க, மரம், கல்லு, தண்ணின்னு அது பாட்டுக்கு இருக்கட்டும், மனசு அடங்குனா அதுவா பேசும். அதுவா பேசும்... எதைப் பேசும்? அன்று பஸ்சில் செஞ்சி வந்து சேரும்வரை மஞ்சு அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தாள். குழந்தை ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போயிருந்தது.

குளத்துக்கு அந்தப் பக்கம் ராஜகிரிக் கோட்டை மலை, வெயில் இறங்கியும் பாறையெல்லாம் சூடு கக்கிக்கொண்டிருக்கிறது. இங்கே ரோட்டுச் சத்தம் வருவதில்லை, அதனால்தான் இந்த இடம். தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பட்ட கிளையில் நீர்க்காகம் ஒன்று இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கிறது, யுவஸ்ரீ அதையே பார்க்கிறாள், எவ்வளவு நேரமாக... அரைமணி இருக்குமா? இவ்வளவு நேரத்தில் கை ஒரு தடவைகூடத் தலைக்குப் போகவில்லை. மஞ்சுவுக்கு அது இப்போதுதான் உறைத்தது. குழந்தை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டிருக்கிறது, மீன் வந்து விரலைக் கொத்துகிறது போல, தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கியிருக்கின்றன, ஏழு மாதமாகக் காதோடு ஒட்டிக்கொண்டிருந்த தோள்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே. ஏன் உள்ளங்கை இப்படி வியர்க்கிறது?

ஏழு மாதம். நாத்தனார் வீட்டில் காதுகுத்து, அவலூர்பேட்டையிலிருந்து வண்டியில் திரும்பி வருகிறார்கள், பெட்ரோல் டேங்க் மேல் யுவஸ்ரீ, பின்னால் மஞ்சு, நடுவில் அவன், பாலமுரளி, வாயைத் திறக்காமல். உங்க அக்கா ஊரே பாக்கச் சொல்லுது, சீரு கொண்டாரத் தெரியாத வூட்டு பொண்ணுன்னு, நீ இன்னா செஞ்ச, கேட்டுக்குனு நின்ன, என்று பின்னாலிருந்து மஞ்சு. அவன் பேசவில்லை. பேசாமல் இருந்தால் இவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறும், அது அவனுக்கும் தெரியும். தோளில் அடித்தாள். தட்டினாள் என்று சொல்லிக்கொள்ளலாம்... இல்லை, அடித்தாள், இரண்டு தடவை. என் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லு. அவன் பார்த்தான். திரும்பி, முழுசாக, கோபமாகக்கூட இல்லை, விடேன் மஞ்சு என்பது போல ஒரு முகம், அதுதான் கடைசி. வண்டி நடு ரோட்டைத் தாண்டிப் போனதை முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை பார்த்திருக்கும், எதிரே வந்த லாரியையும்.

லாரிதான் சார் தப்பா ஏறி வந்துச்சி. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில், தலையில் கட்டோடு, அழுதபடி மஞ்சு சொன்னது, வேண்டுமென்றே சொன்னதில்லை, வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது... அப்புறம் மாற்றிச் சொல்ல முடியவில்லை. லாரி டிரைவர் தாண்டவராயன் மேல் கேஸ் நடக்கிறது. லைசென்ஸ் போய்விட்டதாம். போன மாதம் அவன் பெண்டாட்டி ஜாக்கெட் துணி பார்க்கிற மாதிரி கடைக்கு வந்தாள், எதையும் எடுக்கவில்லை, சண்டையும் போடவில்லை, புள்ள எப்பிடிக்கீது, என்று மட்டும் கேட்டாள். தேவலாம், என்றாள் மஞ்சு. ஊருக்கெல்லாம் ஒரே கதைதான் தெரியும். இன்னொன்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அதோ உட்கார்ந்திருக்கிறதே அதுவும்.

நீர்க்காகம் இறக்கையை மடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. யுவஸ்ரீ அது எங்கே எழும்பும் என்று தேடினாள், தூரத்தில் தலை தெரிந்ததும் லேசாகச் சிரித்தாள். சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

"அம்மா."

"ம்."

"அன்னிக்கு நைனா வண்டில..."

"நேரமாயிட்ச்சி, எழுந்திரு. செருப்பப் போடு."

சொல்லி முடிக்கும்போதே மஞ்சு எழுந்து நின்றிருந்தாள். வந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. யுவஸ்ரீ ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள், பிறகு காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள், தோள்கள் மெல்ல மேலே ஏறின, கை காதுக்கு மேலே போய் ஒரு முடியைத் தேடிப் பிடித்தது. இப்படித்தானா எல்லா நாளும்? மூன்றாம் நாள் அது எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தண்ணி குடிக்கிறியா என்று இவள் கேட்டது, போன வாரம் கல் அடுக்கி விளையாடியபோது தலை கலைந்திருக்கிறது என்று பிடித்து இழுத்துப் பின்னிவிட்டது, நேற்று குரங்கு வரும் என்று சொல்லிக் கிளப்பியது... குழந்தை அடங்கி வரும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு நாளும். அக்கறை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சு நாலு படி இறங்கிப் போய்த் திரும்ப உட்கார்ந்தாள். ஈரப் படியில் மகள் பக்கமாக நகர்ந்து, தலையிலிருந்த அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னா சொல்ல வந்த? சொல்லு."

யுவஸ்ரீ மற்றக் கையால் செருப்பை இழுத்துக் காலில் மாட்டினாள். "ஒண்ணுமில்லமா," என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மஞ்சுவின் நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு நிம்மதி பரவியது, ஏழு மாதத்தில் முதல் முறையாக மூச்சு முழுசாக இறங்கியது... இறங்கியதை அவளே கவனித்துவிட்டாள்.