பலகை வேர்களுக்கு நடுவில்

"மணி நாலரதான். இன்னும் ரெண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்குது, மெதுவா எறங்கிரலாம்" என்று என் கணவர் சொன்னபோது, கணுக்கால் உயிர்போகிற வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கரூரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கைக்கடிகாரத்தில் ஓடுவது அதே இந்திய நேரம்தான். ஆனால் அந்தமான் சூரியன் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும்.

வண்டூர் தாண்டி ஒரு குன்றுக் காடு அது. ஓடை ஒன்று இருக்கிறதாம், பார்த்துவிட்டு வரலாமென்று ஏறினோம். பேச்சு சுவாரசியத்தில் பாதையை விட்டுவிட்டோம். அதைத் தேடப்போய்ப் பாசி படிந்த கல்லில் நான் வழுக்கி விழுந்தேன். கால் வீங்கி, ஊன்றவே முடியவில்லை. அவர் என் துப்பட்டாவைக் கிழித்து, இரண்டு குச்சிகளை அணைகொடுத்துக் கட்டினார். போனில் சிக்னல் இல்லை. கட்டி முடிப்பதற்குள் எதிரிலிருந்த மரங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

"என்னாச்சு, மழை வருதா?"

"இல்லீங்க. பொழுது போயிடுச்சு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கடல் சத்தம் கேக்குது பாரு. கடலோரந்தான ரோடு? நான் ஓடிப்போயி ஆளுகளக் கூட்டிட்டு வந்தர்றேன் கண்ணு."

"பைட்டோ! இங்கயே பைட்டோ!" பதறினால் எனக்கு இந்திதான் வரும். செந்தமிழன் என்று பெயர் வைத்துக்கொண்டவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொல்ல, அப்போது வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"சும்மா உக்காந்திருந்தா யாரு வருவாங்க?"

"எங்க போறோம்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன். சாப்பாட்டுக்கு வரலைன்னா எங்க மரைன் ஹில் ஏரியாவையே எழுப்பிக் கூட்டிட்டு வந்துருவாங்க."

அவர் கேட்கிற மாதிரி இல்லை. சும்மா இருப்பது அவருக்கு வராது. கல்யாண மேடையில் மாலையோடு எழுந்துபோய் சீரியல் பல்பைச் சரிசெய்தவர். இப்போதும் எழுந்துவிட்டார். கடைசியில் நான், "நீங்க போனா எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். என்னைவிட அவரை நினைத்துத்தான் எனக்கு நடுக்கம். அதைச் சொல்லியிருந்தால் கட்டாயம் போயிருப்பார். பயந்த பெண்டாட்டிக்காக விட்டுக்கொடுக்கிற தோரணையில் உட்கார்ந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அதன் வேர்கள் பலகை பலகையாக, எங்கள் தலைக்கு மேலே எழும்பி நின்றன. இரண்டு வேர்களுக்கு நடுவே ஓர் அறையே இருந்தது. என்னைத் தூக்கி அதற்குள் உட்காரவைத்தார். ஒரு கட்டையை எடுத்து வேரில் ஓங்கி அடித்தார், யாருக்காவது கேட்குமே என்று.

தும்மென்று எழுந்த சத்தம் குன்றையே சுற்றிவந்தது. சில்வண்டுகள் வாயடைத்தன. எங்கோ மேலே ஏதோ ஒன்று இறக்கையடித்து நகர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து இந்தத் தீவில் இருக்கிறேன், இதன் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் மூன்று அடி அடித்துவிட்டு வேரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். வீடே அதிரப் பேசுகிறவர், அன்றைக்குக் கிசுகிசுத்தார்.

"வைஜெயந்தி, அடிச்சது மரத்துக்கும் கேட்டிருக்கும்னு நெனைக்கறேன்."

இரவெல்லாம் விட்டுவிட்டு அடித்தார். நடுநடுவே தடவித் தடவி என் காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்கினார்.

வெளிச்சம் வந்ததும், தூரத்தில் யாரோ கூப்பிடுவது போலிருந்தது. பறவையாகவும் இருக்கலாம். பார்த்து வருகிறேன் என்று எழுந்தவர், நேற்று ஓடப்போன பக்கமிருந்த பிரம்புப் புதரை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது. நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து அவர் பக்கத்தில் போனேன்.

புதருக்கு அந்தப் பக்கம் தரை இல்லை. மரங்களின் உச்சிகூட இல்லை. செங்குத்தாக இறங்கிய பாறைக்கு அடியில், கிணற்றுக்குள் தெரிகிற தண்ணீர் மாதிரிக் கடல் கிடந்தது.

அவர் மெல்ல உட்கார்ந்து, பார்வையைத் திருப்பாமலே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வெயில் இன்னும் இறங்காத அந்தப் பள்ளத்தில் ஒரு கடல் கழுகு வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.