வாயில் கவ்விய பறி

தோணிரேவுக் குப்பத்துக்குக் கிழக்கே உப்பேரியில் இடுப்பளவுதான் தண்ணீர். கோவிந்தம்மாவும் தங்கை ராஜம்மாவும் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிறு அவரவர் பல்லில் இருந்தது. பேச வேண்டுமென்றால் பறியைக் கையில் எடுக்க வேண்டும்.

ராஜம்மா எடுத்தாள்.

"இன்னாக்கா, உன் பறி இவ்ளோ கனமா கீது? சேத்தையும் வாரிப் போட்டுக்கினியா?"

"வாய மூடிக்கினு தடவுடி. உன்னுது காலின்னு உனக்கு எரிச்சலு."

ராஜம்மா சிரித்துக்கொண்டே கயிற்றைக் கவ்வி, தள்ளிப் போனாள்.

டச்சுக் கல்லறைப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம் வந்தது. அடிக்கடி பறப்பதுதான். இருவரும் நிமிரவில்லை. பிறகு சத்தம் சட்டென்று நின்றது.

கோவிந்தம்மா தலையைத் தூக்கினாள். இன்ஜின் செத்து, விசிறி மட்டும் காற்றில் சுழல, அது ராஜம்மாவின் முதுகுக்குப் பின்னால் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அது ஆளில்லாத தண்ணீர். இரண்டு தலைகள் எங்கே தெரியும்?

முதலில் பறிக் கயிற்றைக் கவ்வியபடியே கத்தினாள். முனகல்தான் வந்தது. பறியைத் துப்பினாள்.

"ராஜம்மா! அந்தாண்ட ஓடுடி!"

ராஜம்மா நிமிர்ந்து அக்காள் பக்கம் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது அக்காளின் பறி. சாய்ந்து மிதந்தது, காலையிலிருந்து பிடித்த இறால் வெளியே துள்ளிக்கொண்டிருந்தது. நிறைந்த பறியை யாரும் வேண்டுமென்றே விடமாட்டார்கள். அக்காளை நண்டு கடித்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் கண்கள் சிரித்தன. மேலே பார்க்கவில்லை. பறியை நோக்கிப் பாய்ந்தாள்.

ஹெலிகாப்டரின் வால் முதலில் தண்ணீரில் அடித்தது. எழுந்த அலை கோவிந்தம்மாவைப் புரட்டிப் போட்டது.

அவள் எழுந்தபோது ஹெலிகாப்டர் ஒருக்களித்துக் கிடந்தது. ராஜம்மாவைக் காணவில்லை. விமானி நெற்றியில் இரத்தத்தோடு கதவு வழியாக வெளியே வந்தான்.

"இங்க யாராவது இருந்தாங்களா?"

கோவிந்தம்மா கழுத்துவரை உட்கார்ந்து சேற்றைத் தடவத் தொடங்கினாள்.

படகில் வந்தவர்கள் துழாவிப் பார்க்கக் கோலை இறக்கினார்கள்.

"கோலு போடாத நைனா, குத்திடும்!" என்று கத்தினாள் கோவிந்தம்மா.

தூரத்தில் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்களும் ஓடிவந்து வரிசையாக உட்கார்ந்து தடவினார்கள். கோவிந்தம்மாவின் விரலில் வளையல் பட்டது. அடுத்து மணிக்கட்டு. அது அசையவில்லை.

தூக்கியபோது ராஜம்மாவின் கையில் அக்காளின் பறி இருந்தது. அதில் ஓர் இறால்கூட இல்லை. அவளுடைய பறி வாயிலேயே தொங்கியது. பற்களை விலக்க முடியவில்லை. கயிற்றை அறுத்தார்கள்.