சொல்லாமல் போனவர்கள்

நௌஷீன் காணாமல் போய் ஒன்பது நாளாகிவிட்டது. மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த பெண் பிள்ளைகள் இல்லத்தில் வார்டன் ஸ்வீட்லினுக்கு அந்த ஒன்பது நாளும் சரியான தூக்கமில்லை. பகலில் நடப்பதே கனவில் நடப்பதுபோல் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிடுவாள். கோப்பில் மட்டும் 'தானாக வெளியேறினார்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். ஆட்டைத் தொலைத்தவன்கூட அதைவிட இரண்டு வரி கூடுதலாக எழுதுவான்.

பத்தாம் நாள் மத்தியானம் இராஜபாளையத்துப் பையன்கள் இல்லத்திலிருந்து வார்டன் அலெக்ஸ் போன் செய்தான். நௌஷீனின் தம்பி ஆபித்தை அங்கேதான் மாற்றியிருந்தார்கள். பையன்கள் வளர்ந்துவிட்டால் பெண்கள் இல்லத்தில் வைத்திருப்பதில்லை.

"வந்ததுலருந்து அழுதுகிட்டே கெடந்த பய, அக்கா. இப்ப ஒரு வாரமா அம்புட்டுச் சோத்தையும் தின்னுட்டுச் சிரிக்கான். சாயங்காலமானா பின்பக்கச் செவத்துகிட்ட போயி நின்னுக்கிடுதான்."

ஸ்வீட்லினுக்குப் பொறி தட்டியது. மதுரை, செங்கோட்டை என்று ரயிலடி ரயிலடியாக விசாரித்தவள், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

பையன்கள் இல்லத்தின் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பேண்டேஜ் துணி காயப்போடும் களம். கம்பிகளில் வெள்ளைத் துணி வரிசை வரிசையாகத் தொங்கியது. உள்ளே நுழைந்ததும் ஊர்ச் சத்தம் அடங்கிப்போயிற்று. காற்று வந்தால் எல்லாத் துணியும் சேர்ந்து எழும்பி, சேர்ந்து அமர்ந்தது. முகத்தில் ஈரம் பட்டது. எவ்வளவு தூரம் நடந்தாளோ, தெரியவில்லை. ஒரு துணி விலகியது. தோளில் ஈரத்துணிச் சுமையோடு நௌஷீன் நின்றாள்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" கோபமாகக் கேட்க நினைத்தது அழுகையாக வந்தது.

"ஆபித்த அனுப்புனப்ப நீங்க எங்கிட்டச் சொன்னீங்களாக்கா? கோப்புல பாத்துத்தான் எடம் தெரிஞ்சுக்கிட்டேன்."

சொல்லவில்லைதான். ஒரு பிள்ளையை இடம் மாற்றுவதென்றால், மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது அனுப்பிவிடுவது அந்த இல்லத்தின் பழக்கம். அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவளே ஸ்வீட்லின்தான். சாயங்காலம் தம்பியைத் தேடி வந்த நௌஷீனிடம், "ரெண்டு நாள்ல வந்துருவான்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னவளும் அவள்தான்.

"என் தப்புதான். வா, போவோம்."

"அவங்கிட்டச் சொல்லிட்டு வாரேன். செத்த நேரம் இருங்க."

விட்டால் மறுபடி போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. ஸ்வீட்லினின் கை தானாக அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு விட்டது. வெள்ளைத் துணிகள் அவளை மூடிக்கொண்டன.

சுவருக்கு அப்பால் ஆபித் அழுதான். எந்த அழுகை காதில் விழக் கூடாதென்று இத்தனை பிள்ளைகளைக் களவாக அனுப்பினாளோ, அந்த அழுகை. ஸ்வீட்லின் நின்று முழுதாகக் கேட்டாள். அது அடங்கிய பின்னும் நௌஷீன் வரவில்லை. துணிகள் எழும்பின, அமர்ந்தன, மறுபடி எழும்பின.

கடைசியில் கண் சிவக்க வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் அவனப் பாக்க வாரோம்னு சொல்லிட்டேன். இதும் பொய்யாயிரக் கூடாதுக்கா."