சாமிக்கு வைத்த சோடா

பாங்காக் கண்காட்சி ஸ்டாலில் ‘சர்க்கரை இல்லை, சாயம் இல்லை’ என்று காலையிலிருந்து பலகை ஒட்டிய நட்டயாவுக்கு விரலெல்லாம் பசை. முதலாளி விராட் ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்த மூலிகைப் பானத்தின் நாற்றம் இன்னும் தொண்டையை விட்டுப் போகவில்லை.

விராட் இப்போது, கையசைத்து வியாபாரத்தைக் கூப்பிடும் நாங் குவாக் அம்மன் சிலையை மூலையில் வைத்தார். அதன் முன் சிவப்பு சோடாவைத் திறந்து, ஸ்ட்ராவும் போட்டுக் கும்பிட்டார்.

“அண்ணே, அது முழுக்கச் சர்க்கரையும் சாயமும்தானே? நம்ம பானத்தையே வைக்கலாமே?”

விராட் பதறினார். “வாயைக் கழுவு! சாமிக்குப் போய் அந்தக் கண்றாவியையா குடுப்பாங்க?”

“அப்போ நாளைக்கு வர்ற ஜனங்களுக்கு?”

“அவங்க என்ன சாமியா?”