சத்தம் மட்டும் கேட்டது

உத்திரமேரூர் கோர்ட்டு வாசலில் மாமாவும் நானும் நின்றிருந்தோம். மாமா என்றால் சாமுவேல், என் மனைவி சுகிர்தாவின் அப்பா. பெருநகர் பஸ் நிறுத்தத்தில் ஒரு வேன் மோதி அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. இன்று என் சாட்சி.

"வேன் ராங் சைடுல வந்துச்சு, கண்ணால பாத்தேன்னு சொல்லிடுங்க மாப்ள. வேற இன்னாத்துக்குப் பேச்சு?"

"பாக்கல மாமா. கடைப் பக்கம் திரும்பி நின்னுக்கினு இருந்தேன்."

"பத்தடி தூரத்துல இருந்துக்கினு பாக்கலன்னா எவன் நம்புவான்? வேற சாட்சி யார்னா கீறாங்களா? நீங்க சொல்லலன்னா அந்த டிரைவரு சிரிச்சிக்கினே வூட்டுக்குப் போவான்."

அது உண்மை. வேறு யாரும் வரவில்லை.

நானும் சுகிர்தாவும் சென்னையில் ஒரே வகுப்பில் குற்றவியல் முதுகலை படித்தோம். முதல் பருவத்தில் ஒருநாள், பாடம் நடக்கும்போது ஒருவன் உள்ளே ஓடிவந்தான். பேராசிரியரின் பையைத் தூக்கிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். நாங்கள் எழுந்து கத்தினோம். பேராசிரியர் நிதானமாக ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். ஓடியவன் அவர் ஏற்பாடு செய்த ஆள்.

"பார்த்ததை எழுதுங்கள்."

நாற்பத்தொரு பேர் எழுதினோம். அவன் சட்டைக்கு ஆறு நிறம் கிடைத்தது. மூன்று பேர் அவனுக்குத் தாடி வைத்தார்கள். நான் கையில் கத்தி கொடுத்திருந்தேன். அது மடக்குக் குடை.

கடைசித் தாளை அவர் உரக்கப் படித்தார். "மேசைக்கு அடியில் கொய்யாக்காய்க்கு மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருந்தேன். அவனைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது."

வகுப்பே சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தாளை மட்டும் அவர் தனியே எடுத்துவைத்தார்.

அந்த வாரம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளும் இருந்தாள். எனக்குத் திருப்புலிவனம், அவளுக்குக் காவாந்தண்டலம்.

"கத்தி சார், கொஞ்சம் தள்ளிக் குந்துங்க," என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் சண்டை வந்தால் நான் கத்தி சார்தான்.

அந்தப் படிப்புக்கு ஏன் வந்தாள் என்று இன்னொரு பயணத்தில் சொன்னாள். அவள் ஐந்தாவது படிக்கும்போது மாமாவைக் கிணற்று மோட்டார் திருட்டில் பிடித்துப்போனார்கள். டார்ச் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்ததாக ஒருவர் கூண்டில் ஏறிச் சொன்னார். எட்டு மாதம் ஜெயில். பிறகுதான் உண்மைத் திருடன் வேறெங்கோ மாட்டினான்.

"அந்தாளு பொய் சொல்லல தினா. பாத்ததாவே நெனச்சிக்கினாரு. அதான் பயமா கீது."

கோர்ட்டு வாசலில் இதை மாமாவிடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவரே எடுத்தார்.

"என்னியப் பாக்காதவனே பாத்தேன்னு சொன்னான் மாப்ள. கோர்ட்டு நம்புச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? அவ உங்களுக்கு யாரு?"

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாமா பின்வரிசையில் உட்கார்ந்தார். டிரைவர் எனக்கு எதிரே நின்றிருந்தான்.

"வேன் எந்தப் பக்கமாக வந்தது? நேரில் பார்த்தீர்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

கண்ணை மூடினால் வேன் வருகிறது. ஒருநாள் வலப்பக்கம், ஒருநாள் இடப்பக்கம். நிறம்கூட மாறுகிறது.

"கொய்யாக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். வேனைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது."

அவர் மறுபடி கேட்டார். அதையே சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு வரை மாமா முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன். பஸ் கிளம்பும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"கொய்யாவா வாங்கினு இருந்தீங்க?"

"ஆமா மாமா. அவதான் கேட்டா."

"பழமா, காயா?"

"காய்."

"காயிதான் தின்னுவா," என்றார். "பழம்னா தொட மாட்டா."