ஆறு வயதுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை

பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுடைய சொந்த மகள் ஒரு விரற்கடைகூட வளரவில்லை. அப்போது மகளுக்கு மூன்று வயது. ஆறு வருஷம் கழித்தும் மூன்று வயதுதான். சுகாதார நிலையத்து நர்ஸ் எடை போட்டு, அட்டையில் ஒரே எண்ணைப் பதினோரு தடவை எழுதினாள். பன்னிரண்டாம் தடவை தராசை மாற்றினாள். புதுத் தராசும் அதையேதான் காட்டியது.

வேலை கிடைத்ததில் விசேஷம் ஒன்றும் இல்லை. பல் டாக்டரம்மாவுக்கு எட்டு மாதத்தில் இரட்டை ஆண் பிள்ளைகள். கணவர் மாதத்தில் இருபது நாள் வெளியூர். கிளினிக்கிலேயே, நோயாளிகள் சாயும் நாற்காலியில் இவளை உட்காரவைத்து, தலைக்கு மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்கள். இருமல் உண்டா, கோபம் வருமா, சதா போனை நோண்டுவாயா என்றெல்லாம் விசாரித்த டாக்டரம்மா, கடைசியாகச் சொந்தக் குழந்தை உண்டா என்றார். ஒரு பெண் இருக்கிறாள், அக்கா பார்த்துக்கொள்வாள் என்றாள். அப்படியென்றால் அனுபவம் இருக்கிறது என்று சொல்லி டாக்டரம்மா விளக்கை அணைத்தார். அந்த வீட்டில் அவளுடைய மகளைப் பற்றிய பேச்சு அத்தோடு சரி. வீட்டோடு தங்கவேண்டும், மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊருக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. ஒரு ஞாயிறு பிள்ளைக்குச் சளி பிடிக்கும், மறு ஞாயிறு விருந்தாளி வருவார்கள். நீ எங்கள் வீட்டு ஆள் மாதிரி என்று சொல்லிச் சொல்லியே அவளை அவள் வீட்டுக்கு விடாமல் வைத்திருந்தார்கள்.

பையன்களோ மளமளவென்று வளர்ந்தார்கள். ஆறு வயதில் ஒன்பது வயதுக்காரர்களின் சட்டை போட்டார்கள். பிள்ளைகள் வாட்டசாட்டம் என்று டாக்டரம்மா பூரித்துப்போனார். பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில், தையல்காரி அக்கா தங்கை மகளுக்கு ஒரே அளவில் கவுன் வெட்டிக்கொண்டிருந்தாள். தெருவுக்கே அவள் பொடிசு. அவளோடு விளையாடிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களுடைய தம்பி தங்கைகள் விளையாட வந்தார்கள். பிறகு அவர்களும் போனார்கள்.

அபூர்வமாகக் கிடைத்த ஒரு சனிக்கிழமை, பையன்களின் சீருடையைப் பிரித்துத் தைக்க அவள் அக்காவிடம் கொண்டுவந்தாள். அக்கா டேப்பை வைத்து அளந்தாள். பொடிசை நிற்கவைத்து அளந்தாள். பிறகு பழைய அளவு நோட்டைத் தேடி எடுத்து வெகுநேரம் புரட்டினாள்.

"இவனுங்க வயசுக்கு மேல வளர்ந்தது ஆளுக்கு மூணு வருஷம். நம்ம பொண்ணுக்குக் குறையிறது ஆறு. நீயே கூட்டிப் பாத்துக்கோ."

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அடுத்த பேருந்தைப் பிடித்து நேரே கிளினிக்கில் போய் நின்றாள். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடந்தார். அவர் கேட்டால் கேட்கட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா நம்ப மறுத்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவரோ கையுறையை நிதானமாகக் கழற்றினார்.

"எனக்கு ரெண்டாவது வருஷமே சந்தேகம்தான். ஆனா குழந்தை குழந்தையாவே இருக்கிறது ஒரு கொடுப்பினை இல்லையா? எத்தனை அம்மாங்க அதுக்கு ஏங்குறாங்க."

அவள் கத்தவில்லை. வீட்டுச் சாவியை ஊசித் தட்டில் வைத்தாள். "அந்தக் கொடுப்பினைய நீங்களே வச்சுக்கங்க" என்றாள். மாடியிலிருந்த வீட்டுக்குப் போய்ப் பையன்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் கோபம் இறங்கிவிடும். திரும்பும் வழி முழுவதற்கும் அவளுக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்தபோது மகளுக்கு நான்கு வயது. திங்கட்கிழமை ஐந்து. செவ்வாய்க்கிழமை காலையில் முன்பற்கள் ஆடின, மதியத்துக்குள் விழுந்தன, விளக்கு வைக்கும் நேரத்தில் புதுப் பற்கள் எட்டிப் பார்த்தன. டாக்டரம்மாவின் பையன்களுக்கு முதல் பல் எந்தக் கிழமை விழுந்தது, அன்று யார் அழுதார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொந்த மகளின் ஆறு வயதுக்கு ஒரு செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது, அதிலும் தண்ணீர் பிடிக்கப் போனதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. அதன்பின் அவள் மகளின் பக்கத்தைவிட்டு எழவில்லை. அக்கா மெஷினைவிட்டு எழவில்லை. காலையில் தைத்தது மாலையில் அக்குளில் கிழிந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பது வயதில் வளர்த்தி நின்றது. பெண் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா நீ யாரைத் தூக்கி வச்சிருந்த?"

அவள் மறைக்காமல் சொன்னாள். பெண் கேட்டு முடித்துவிட்டு, எழுந்துபோய்ப் பெரியம்மாவின் மெஷினடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா வந்தார். பையன்கள் ஒரு நூல்கூட வளரவில்லையாம், அவளுக்குப் பின் இரண்டு பேரை வைத்துப் பார்த்தும் பலனில்லையாம். வாசலிலேயே நின்று, "உன் பொண்ணையும் கூட்டிட்டு வா, மாடியில ஒரு ரூம் தரேன்" என்றார்.

"அந்த ரூம் அப்பவும் காலியாத்தான் இருந்துச்சு, டாக்டரம்மா."

பிள்ளைகள் வளரவேண்டுமானால் யாராவது பக்கத்தில் உட்காரவேண்டும், நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள். அந்த மாதத்திலிருந்து கிளினிக்குக்கு மதியத்தில் விடுமுறை என்று கேள்வி.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது குமாஸ்தா வயதைக் கேட்டார். ஒன்பது என்றாள். சுகாதார நிலையத்து அட்டையையும் எதிரே நின்ற பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் ஒன்பது என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டார். திரும்பும்போது பெண் நாலடி முன்னே நடந்தாள். தெருமுனையில் நின்று, திரும்பாமலே, "எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் அம்மா.

இருவரும் கோபமாகவே வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாளிலிருந்து பெண் மற்றப் பிள்ளைகளைப் போலவே, பார்த்துக்கொண்டே இருந்தாலும் தெரியாத வேகத்தில் வளர்ந்தாள். அம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.