காதுப் பாடம்

துவைத்துப் பிழிந்த விரிப்புகள் தள்ளுவண்டியில் வந்து குவிந்துகொண்டே இருந்தன. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரெதிரே நின்று ஒரு உதறு உதறி, விறைப்பாக இழுத்து, சூடான உருளையின் வாயில் கொடுத்துவிட்டுக் கீழே இருக்கும் பெடலைக் காலால் மிதிக்க வேண்டும். விரிப்பு உள்ளே போய், சுருக்கம் நீங்கி, மறுபக்கம் ஆவியோடு வெளியே வரும். மேலே வார்டுகளில் படுத்திருக்கிறவர்களின் வியர்வை, ரத்தம், மருந்து வாடை எல்லாம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் இந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வந்து சேரும். வெள்ளையாகத் திரும்பிப் போகும்.

மெஷின்களின் இரைச்சலில் இங்கே பேசினால் கேட்காது. கத்தினாலும் கேட்காது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு எல்லோரும் சத்தமில்லாமல் உதட்டால் பேசப் பழகிவிடுவார்கள். அது கைவந்துவிட்டால் கூடத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் இருப்பவளிடம் அவள் மாமியாரின் சௌக்கியத்தை விசாரிக்கலாம். பக்கத்தில் நிற்பவளுக்கே தெரியாது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசருக்கு, தன் ஆட்கள் வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பதில் ரொம்பப் பெருமை.

"நெஃப்ரான்னா என்ன, சொல்லு" என்று கூடத்திலேயே பழைய ஆளான பெரியக்காவின் உதடு கேட்டது.

எதிரே விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் பெடலை மிதித்தாள். "சிறுநீரகத்துல ரத்தத்த வடிகட்டற சின்னச் சின்னக் குழாய், பெரியக்கா. வேண்டாதத வெளிய அனுப்பும், வேண்டியத திரும்ப உள்ள எடுத்துக்கும்."

"நம்ம ஆபீஸ்ல அப்படியே தலைகீழ்" என்றாள் பெரியக்கா. இரண்டு பேரும் முகத்தை மாற்றாமல் சிரித்துக்கொண்டார்கள்.

அவளுக்குக் 'காலேஜ்' என்று பெயர் வைத்தது பெரியக்காதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கல்யாணம், குழந்தை, சலவைக்கூடம் என்று வந்தவள், ஒருநாள் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னாள். பள்ளியை முடிக்காதவர்கள் நர்சிங்கில் சேர ஒரு வழி இருக்கிறதாம். வீட்டிலிருந்தபடியே தொலைதூர முறையில் இணைப்புப் படிப்பு ஒன்றைப் படித்துத் தேறிவிட்டால் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டாம். உடலியல், வேதியியல், மருந்துக் கணக்கு, கட்டுரை எழுதும் முறை என்று நாலு பாடம். அன்றிலிருந்து கூடம் முழுக்க அவளைக் 'காலேஜ்' என்றுதான் கூப்பிட்டது. முதலில் கேலியாகத்தான் இருந்தது. வேதியியலில் தேறிய அன்று கேலி எப்படியோ கழன்று போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது பாக்கி உடலியல் ஒன்றுதான். அதை ஒரே முறைதான் எழுத விடுவார்கள். தவறினால் நர்சிங் இடமும் போய்விடும்.

பாடங்கள் போனில் வரும். பஸ்ஸில் வரும்போது கேட்பாள். கூடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். அதனால் கேட்டதை மறப்பதற்குள் உருளைக்கு எதிரில் நின்று பெரியக்காவிடம் ஒப்பிப்பாள். ஒரு விரிப்புக்கு ஒரு கேள்வி. உதறும்போது கேள்வி, பெடலை மிதித்ததும் பதில். பெரியக்கா பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டியவள் இல்லை. ஆனால் கேள்விகள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. இதயத்துக்கு நான்கு அறை என்று சொன்னபோது, "என் வீட்டுக்கே ஒண்ணுதான், அதுக்கு எதுக்கு நாலு" என்று கேட்டுவிட்டு, மறுநாள் தானே நான்கு அறைகளையும் வரிசையாகச் சொன்னாள்.

ஒரு பாடத்தை மட்டும் காலேஜ் ஒப்பிக்கவில்லை.

"கண்ணு முடிஞ்சுது, மூக்கு முடிஞ்சுது. காது எப்ப?"

"அதுல கேள்வி வராதாம் பெரியக்கா."

பெரியக்கா அவள் உதட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

கேள்வி வரும் என்று காலேஜுக்குத் தெரியும். பாடத்தையும் நன்றாகப் படித்திருந்தாள். உட்காதின் படத்தைப் பஸ்ஸில் பார்த்தபோது அவளுக்குப் பெரியக்காவின் ஞாபகம்தான் வந்தது. நத்தை ஓட்டைப் போன்ற ஒன்றுக்குள் மெல்லிய மயிர்ச்செல்கள் வரிசையாக நின்றன. இரைச்சலில் அவை சாய்ந்து சாய்ந்து செத்துப்போகும். செத்தது மறுபடி முளைக்காது. இதை எந்த விரிப்பின் முனையில் நின்றுகொண்டு பெரியக்காவிடம் சொல்வது? இடைவேளையில் மெஷின் நின்ற பிறகும் பெரியக்காவிடம் உதட்டால்தான் பேச வேண்டியிருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "கவனிக்கல" என்று சிரித்து மழுப்புவாள். காதை மூடிக்கொள்ளும் கவசங்கள் கண்ணாடி அறையின் அலமாரியில் இருந்தன. தொழிலாளர் பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அவை வெளியே வரும்.

தேர்வு ஒரு விடுமுறை நாள் காலையில், வீட்டிலேயே, பக்கத்து வீட்டு டீச்சரின் லேப்டாப்பில். எங்கிருந்தோ ஒரு பெண் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. இருப்பதே ஒரு அறைதான். கணவன் சாயக்கறை படிந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்தான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அன்று வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தான்.

"யாரு வந்தாலும் நான் பாத்துக்கறேன். நீ பயப்படாம எழுது" என்றான். வெளியே போனதும் முதல் வேலையாகத் தெருவில் போன ஒருவரை நிறுத்தி, "உள்ள பரீட்சை நடக்குது, மெதுவா போங்க" என்றது உள்ளே நன்றாகக் கேட்டது.

"ரூமை ஒரு சுத்து காட்டுங்க மேடம்" என்றாள் கேமராவின் பெண். "சுவத்துல என்ன அது?"

"எம் பொண்ணு வரைஞ்ச இதயம்ங்க. எனக்காக வரைஞ்சு ஒட்டினா."

"எடுத்துடுங்க. கட்டிலுக்கு அடியில காட்டுங்க."

கட்டிலுக்கு அடியில் ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தும் இருந்தது. பழைய டிரங்குப் பெட்டி, பெயிண்ட் டப்பாக்கள், போர்வை மூட்டை, பிய்ந்த பொம்மை. ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டியதில் அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது.

"சவுண்டை கொஞ்சம் கம்மி பண்ணுங்க மேடம். எனக்கே திரும்பக் கேக்குது."

"கம்மி பண்ணா எனக்குக் கேக்காதுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அதை முதல்தடவையாகச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

தேர்வு ஆரம்பித்தது. முதல் கேள்வியே சிறுநீரகம். மனம் குளிர்ந்து எழுதத் தொடங்கினாள். அடுத்தது நுரையீரல். அதற்கு அடுத்தது ரத்த அழுத்தம். தண்ணீர் பட்ட பாடாகப் போய்க்கொண்டிருந்தபோது திரை உறைந்து நின்றது.

"மேடம், யார்கிட்ட பேசறீங்க?"

"யார்கிட்டயும் இல்லீங்களே."

"உங்க உதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கு. ரூம்ல யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லீங்க. நான் இப்படித்தாங்க படிச்சேன். வேலையில சத்தம், அதனால உதட்டாலதான்..."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா ரூல் அப்படி. இன்னொரு தடவை அசைஞ்சா பரீட்சை தானா நின்னுடும். நான் நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. வாயைக் கையால மறைக்கவும் கூடாது."

திரை திரும்பி வந்தது. அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்தாள். இன்சுலின் எங்கே சுரக்கிறது, என்ன செய்கிறது. தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் வாயை மூடியதும் உள்ளே எல்லாமே மூடிக்கொண்டது. அடுத்த கேள்விக்குப் போனாள். அதுவும் வரவில்லை. ஒரு வருடமாகப் படித்ததெல்லாம் தலையில் இல்லை, உதட்டில்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் உதடு துடிக்கும். அழவும் முடியாது.

கீழ் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள். மேஜை மேல் கைகள் சும்மா கிடந்தன. அப்போது மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் தானாக ஒரு மிதி மிதித்தது.

எதிரே பெரியக்கா விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'இன்சுலின்னா என்ன, சொல்லு.' காலேஜ் தரையை மிதித்தாள். கணையம். மறுபடி மிதித்தாள். சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும். கேள்வியைப் படிப்பாள், மனதில் ஒரு உதறு உதறுவாள், காலால் மிதிப்பாள். பதில் சூடாக மறுபக்கம் வந்து விழும். கேமராவின் பெண்ணுக்கு, பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் எழுதும் ஒரு பெண்தான் தெரிந்தாள். காலைப் பற்றி ரூலில் எதுவும் இல்லை.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. தொடர்ந்து பேரிரைச்சலில் வேலை செய்யும் ஒருவரின் கேட்கும் திறன் எப்படிக் குறைகிறது என்று ஒரு உதாரணத்தோடு விளக்க வேண்டும்.

இதற்கு உதடு அசையப் பார்க்கவில்லை, காலும் மிதிக்கவில்லை. யாரிடமும் சொல்லாத பாடம். ஒரு பெண்மணி, வயது ஐம்பத்தைந்து, சலவைத் தொழிலாளி என்று தொடங்கினாள். முதலில் மணிச் சத்தம் போகும், பிறகு குழந்தைகளின் குரல் போகும் என்று எழுதினாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காரும் பழக்கம் வரும், யாரும் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக என்று எழுதினாள். அது புத்தகத்தில் இல்லை. நிறுத்தாமல் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கதவைத் திறந்தபோது கணவன் எழுந்து நின்றான். அவள் உதட்டில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லா எழுதிட்டேன்" என்றாள். மகள் ஓடிப்போய் இதயத்தைப் பழைய இடத்தில் ஒட்டினாள்.

முடிவு ஒரு காலையில், பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போனில் வந்தது. உடலியலில்தான் நான்கிலும் அதிக மதிப்பெண். அதற்குக் கீழேயே நர்சிங் இடம் உறுதி என்று இருந்தது. கணவனுக்குப் போன் செய்தாள். அவன் எங்கோ ஏணிமேல் இருந்தான். "இரு, எறங்கிட்டுப் பேசறேன்" என்றான். இறங்கிய பிறகும் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. "சரி, சரி, பெயிண்டு காயப்போவுது" என்று அவளே வைத்தாள்.

சலவைக்கூடத்தில் உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. காலேஜ் விரிப்பின் முனையைப் பிடித்து, உதறி, உதட்டை அசைத்தாள். "கிடைச்சிருச்சு."

பெரியக்கா விரிப்பை இழுக்க மறந்து நின்றாள். பிறகு முகத்தைத் திருப்பி, மறுகோடியில் மடிப்பவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் பிழியும் மெஷின்காரிகளுக்குச் சொன்னார்கள். சத்தம் துளியும் கூடாமல், ஒரு கையும் வேலையை நிறுத்தாமல், செய்தி கூடத்தைச் சுற்றி வந்தது. எங்கே பார்த்தாலும் 'காலேஜ், காலேஜ்' என்று உதடுகள். ஒருத்தி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்தாள். கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என் வளர்ப்பு" என்று பெரியக்கா எல்லோருக்கும் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நான் கேக்கலைன்னா இவ எங்க பாஸ் பண்றது."

"உண்மைதான் பெரியக்கா. நீங்க எதிர்ல நின்னுதான் கேட்டீங்க."

"பெரிய கேள்வி என்ன வந்துச்சு?"

காலேஜ் பெடலை மிதித்தாள். விரிப்பு உள்ளே போனது. அடுத்ததை எடுத்து உதறினார்கள். இனி மறைக்க முடியாது.

"காது."

"வராதுன்னு சொன்ன." பெரியக்கா அவளையே பார்த்தாள். "சரி, சொல்லு. கேக்கறேன்."

காலேஜ் சொன்னாள். மயிர்ச்செல்களைச் சொன்னாள். அவை சாய்வதைச் சொன்னாள். கடைசி வரியில் மட்டும் உதடு தயங்கியது. "செத்தது திரும்ப வராது."

பெரியக்கா விரிப்பின் ஓரத்தை விரலால் நீவி நேராக்கினாள்.

"எவ்வளவு மார்க் குடுத்தான் அதுக்கு?"

"முழுசா."

"குடுக்கட்டும்" என்றாள் பெரியக்கா. "உனக்கு லேசாத்தான் போயிருக்கு. டீ குடிக்கறப்ப தலைய சாய்ச்சு சாய்ச்சு கேக்கற, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மிச்சத்த எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் இங்கிருந்து கெளம்பு."

காலேஜ் பதில் சொல்வதற்குள் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. சூப்பர்வைசர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வேகமாக வந்தான். சோதனைக்கு ஆட்கள் மேலே வந்துவிட்டார்களாம். மெஷின் மெஷினாகப் போய்க் காதுக் கவசங்களைக் கொடுத்தான். கவரைப் பிரிக்காமல் அப்படியே மாட்டிக்கொள்ள வேண்டும், திருப்பி வைக்க வேண்டும் என்று கையால் ஜாடை காட்டினான்.

பெரியக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கவசத்தை வாங்கினாள். பிளாஸ்டிக் உறை கசங்காமல், பார்த்துப் பார்த்து, இரண்டு காதுகளையும் மூடி மாட்டினாள். பிறகு காலேஜைப் பார்த்தாள்.

"நேரா இருக்கா?"

காலேஜ் கையை நீட்டி அதைச் சரிசெய்தாள்.

"இருக்கு, பெரியக்கா."

பெரியக்கா அடுத்த விரிப்பின் முனையை அவளிடம் நீட்டினாள்.